அரிசி மண்டித் தெருவில் ஒரு கட்டில்

பாங்காக் போகிற பேக்பேக்கர் ஆசாமிகள் அநேகமாக எல்லாரும் ஒரு ராத்திரியாவது எட்டிப் பார்க்கிற தெருவுக்கு காவ் சான் என்று பெயர். தாய் மொழியில் அதற்கு அர்த்தம் அரிசி. சோறு இல்லைங்க, உமி நீக்கிய அரிசி. ஒரு காலத்தில் பக்கத்து ஆற்றுத்துறையில் படகில் வந்து இறங்கிய அரிசி மூட்டைகள் இங்கேதான் கைமாறின. அதாவது அது ஒரு அரிசி மண்டித் தெரு. நீளம் மொத்தமே சுமார் 400 மீட்டர். மெதுவாக நடந்தாலும் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தத் தெரு எப்படி உலகத்திலேயே பேர்போன மலிவு விடுதித் தெருவாக மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. எந்த அரசாங்கமும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. அதனால்தான் எனக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1782-ல் முதலாம் ராமா என்று அழைக்கப்படும் மன்னர், ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியில் இருந்த தலைநகரத்தைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அரண்மனை கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தில் ஏற்கெனவே சீனர்கள் குடியிருந்தார்கள். அவர்களைக் கிளப்பி தெற்கே சம்பெங்குக்கு அனுப்பினார்கள். இன்றைய பாங்காக் சைனா டவுன் அப்படி உண்டானதுதான். ஆக, 'இடம் வேண்டும், நகரு' என்று சொல்லியே தொடங்கிய ஊர் இது. (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

புதுத் தலைநகரைச் சுற்றி அகழி மாதிரி ஒரு கால்வாய் வெட்டி, மதில் எழுப்பி, 14 கோட்டைக் கொத்தளங்கள் வைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு: பிரா சுமென், மகாகான். பிரா சுமென் கோட்டை இருக்கிற பகுதிதான் பாங்லம்பூ. லம்பூ என்பது ஆற்றோரத்தில் வளரும் ஒரு அலையாத்தி வகை மரம், ராத்திரியில் மின்மினிகள் மொய்க்கும். பேட்டைக்குப் பெயர் கொடுத்த அந்த மரங்களில் கடைசியாக நின்ற ஒன்று 2011 பெருவெள்ளத்துக்குப் பிறகு பட்டுப்போனது. பேட்டையிலோ பல ஜாதி ஜனங்கள். மோன் இனத்து வீரர்களும் பிக்குகளும், தெற்கே பட்டாணியிலிருந்து போருக்குப் பின் கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம் பொற்கொல்லர்களின் வம்சம், சீன வியாபாரிகள். சுலாலங்கோர்ன் மன்னர் காலத்தில், 1892-ல், நடுவே ஒரு சாலை போட்டார்கள். அதுதான் காவ் சான்.

ஹாஸ்டல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வார்டனும் தண்ணிச் சாம்பாரும். ஆனால் ஊர் சுற்றுகிறவர்களுக்கான ஹாஸ்டல் வேறு ஜாதி. அதைத் தொடங்கி வைத்தவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர். 1909-ல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலில் படுத்தார்கள். அன்று ராத்திரி அவருக்கு ஒரு யோசனை: லீவு நாட்களில் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே கிடக்கின்றன? 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. ஒழுக்கம், சுத்தம், நேரத்துக்கு விளக்கணைப்பு எல்லாம் உண்டு. காவ் சானில் இதில் எதுவும் கிடையாது :-) அங்கே நடந்தது ஆசிரியரின் லட்சியம் அல்ல, வீட்டுக்காரரின் கணக்கு.

1960-களிலும் 70-களின் முதல் பாதியிலும் பாங்காக்குக்கு வந்த வெளிநாட்டு இளைஞர்களில் பெரும்பகுதி, வியட்நாமிலிருந்து ஓய்வுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களுக்காகக் கட்டிய ஓட்டல்கள் போர் முடிந்ததும் காலியாக நின்றன. அப்படி ஒன்றான மலேசியா ஓட்டல்தான் அந்தக் காலத்து பேக்பேக்கர்களின் தலைமையகம். அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் 'வடக்கே போகிறேன், துணைக்கு யார் வருகிறீர்கள்' வகையறா சீட்டுகளைக் குத்தி வைப்பார்களாம். மெயில் இல்லாத காலத்து இன்பாக்ஸ்.

அதே சமயம் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாக இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வந்துகொண்டிருந்த ஹிப்பிப் பாதை ஒன்று இருந்தது. டோனி வீலர், மௌரீன் வீலர் தம்பதி அந்த வழியில் வந்து, 1973-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். 1975-ல் தென்கிழக்கு ஆசியாவைப் பற்றி இன்னொன்று, மஞ்சள் அட்டையில். லோன்லி பிளானெட் என்ற கம்பெனி வளர்ந்தது அந்த இரண்டு புத்தகங்களின் மேல்தான். 1979-ல் ஈரானில் புரட்சி, வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. பழைய பாதை அறுந்தது. மஞ்சள் புத்தகம் காட்டிய பாதை திறந்தே இருந்தது.

1982-ல் பாங்காக் தன் 200-வது வருஷத்தைக் கொண்டாடியது. அரண்மனை, மரகத புத்தர் கோயில், ஆற்றில் அரச படகு ஊர்வலம் எல்லாம் பழைய நகரத்தில். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் கையில் காசு இல்லாதவர்களும் நிறைய. அரண்மனைக்கு நடந்து போகிற தூரத்தில் படுக்க இடம் வேண்டும். இந்த 1980-களின் தொடக்கத்தில்தான் காவ் சான்காரர்கள் வீட்டில் காலியாக இருந்த மாடியறையை வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். ஒரு அறையை ஒட்டுப்பலகை வைத்து இரண்டாக, நாலாகத் தடுப்பது. ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, பொதுக் குளியலறை. கீழே குடும்பம் குடியிருக்கும், அம்மா காலையில் முட்டை பொரித்துத் தருவார், பையன் அரைகுறை இங்கிலீஷில் பஸ் வழி சொல்வான். முதலீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வீடுதான் முதலீடு. ஒருவர் பிழைத்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் பலகை வாங்கினார். பத்து வருஷத்தில் தெருவே விடுதி. கூடவே டிக்கெட் ஏஜென்ட், துணி துவைக்கும் கடை, பழைய புத்தகக் கடை, போலி மாணவர் அட்டை போடுகிறவர், சாலையோரம் நூடுல்ஸ் வண்டி.

அலெக்ஸ் கார்லாண்டின் 'தி பீச்' நாவல் 1996-ல் வந்தது. கதை தொடங்குவதே காவ் சானில். 2000-ல் டிகாப்ரியோ நடித்து படமாக வந்தபோது தெரு உலகப் பிரசித்தம். (அந்தப் படத்தில் வரும் காவ் சான் விடுதியை எடுத்தது பாங்காக்கிலேயே இல்லை, தெற்கே புக்கெட்டில் ஒரு பழைய ஓட்டலில். சினிமாக்காரர்களை நம்பாதீர்கள்.) இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 1997 ஜூலை 2 வருகிறது. அன்று தாய்லாந்து அரசு தன் நாணயத்தைச் சந்தைக்கு விட்டுவிட்டது. டாலருக்கு சுமார் 25 பாட் என்று இருந்தது, 1998 ஜனவரியில் 50-ஐத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு டாலரோடு வந்த ஆஸ்திரேலியப் பையனுக்கு ஆறே மாதத்தில் கையிருப்பு இரட்டிப்பு. அதே ஆறு மாதத்தில் கட்டடத் தொழிலாளிகள் வேலை போய் சொந்த கிராமத்துக்கு பஸ் ஏறினார்கள். காவ் சானின் பொற்காலம் என்று பயணக் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த பஸ்தான் ஞாபகம் வருகிறது. மலிவு என்பது எங்கேயோ ஒருவர் சம்பளத்தில் இருந்து வருகிற தள்ளுபடி.

சரி, தங்கியாச்சு. என்ன பார்ப்பது? எல்லாரும் அரண்மனைக்கு ஓடுவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட் கட்டணம், வாசலில் 'இன்னைக்கு மூடியிருக்கு, வாங்க வேற இடம் காட்டறேன்' என்று டுக்-டுக்கில் ஏற்றி ரத்தினக் கடைக்குக் கொண்டுபோகிற ஆசாமிகள். அதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாச்சு. நான் சொல்ல நினைப்பது தெருவைச் சுற்றி நடந்தே, காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்களை.

கிழக்கு முனையில் இருந்து சில நிமிஷம் நடந்தால் போவோன்னிவெட் மடாலயம். அரசராவதற்கு முன் மோங்குட் தலைமை பிக்குவாக இருந்த இடம். 1973 அக்டோபரில் அரசியலமைப்புச் சட்டம் கேட்டு மாணவர்கள் ராட்சடம்னோன் சாலையில் திரண்டார்கள். அக்டோபர் 14-ம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 70 பேருக்கு மேல் செத்தார்கள், ராணுவ ஆட்சியாளர் தனோம் நாட்டை விட்டு ஓடினார். அவரே 1976 செப்டம்பரில் காவி உடுத்தித் திரும்பி வந்து துறவறம் ஏற்றது இந்த மடத்தில்தான். அதை எதிர்த்துக் கூடிய மாணவர்களை அக்டோபர் 6-ம் தேதி தம்மசாட் பல்கலைக்கழகத்துக்குள் போலீசும் வலதுசாரிக் கும்பல்களும் சேர்ந்து கொன்றன. அரசுக் கணக்கில் 46 பேர். தம்மசாட் வளாகமும் காவ் சானிலிருந்து நடக்கிற தூரம்தான். இன்று அந்தத் தெருவில் பீர் குடித்துக்கொண்டிருக்கிறவர்களின் வயசுதான் அவர்களுக்கும். என் வயசும்தான். கோக் வுவா சந்திப்பில் அக்டோபர் 14-க்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. டுக்-டுக் காரர் யாரும் 'அங்கே போகலாமா' என்று கேட்கமாட்டார். அதே சந்திப்பில் 2010 ஏப்ரல் 10-ம் தேதி செஞ்சட்டைப் போராட்டக்காரர்களும் ராணுவமும் மோதி, அன்றைய மோதல்களில் 20-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ராய்ட்டர்ஸின் ஜப்பானிய ஒளிப்பதிவாளர் ஹிரோ முராமோட்டோ.

இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்தால் நம்ம சங்கதி ஒன்று. சிவப்பு வண்ணத்தில் 20 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு ராட்சத ஊஞ்சல் சட்டம் நிற்கும். பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில். இரண்டுமே 1784-ல் எழுந்தவை. மார்கழி, தை வாக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குப் பெயர் த்ரியம்பவாய், த்ரிபவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், புரியும். ஆமாம், திருவெம்பாவை, திருப்பாவை! உச்சரிப்பு மாறி, பொருள் மறந்துபோய், ஆனாலும் விடாமல் ஓதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தனிநாயகம் அடிகளார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றுவிட்டது, சட்டம் மட்டும் 2007-ல் புதுத் தேக்கில் மாற்றப்பட்டது. சடங்கு இன்றும் நடக்கிறது. மண்டித் தெருவில் ஒரு கட்டில் எடுக்கிற தமிழர்கள் இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்குக் கோபம் வரும்.

ஊஞ்சலில் இருந்து திரும்பி வரும் வழியில் மிச்சமிருக்கிற இன்னொரு கோட்டை, மகாகான். அதன் மதிலுக்கும் கால்வாய்க்கும் நடுவே பழைய மரவீடுகளில் சுமார் 300 பேர் வாழ்ந்தார்கள். பறவைக்கூண்டு செய்கிறவர்கள் இருந்தார்கள். பழைய நகரத்தைச் சுற்றுலாவுக்கு அழகுபடுத்த அங்கே பூங்கா வேண்டும் என்று 1990-களின் தொடக்கத்திலேயே மாநகராட்சி முடிவெடுத்துவிட்டது. அவர்கள் 25 வருஷம் போராடினார்கள். மைக்கேல் ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற மானிடவியல் அறிஞர் அவர்களோடு பழகி ஒரு புத்தகமே எழுதினார். 2018 ஏப்ரலில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. இப்போது அங்கே புல்வெளி. பழைய பாங்காக்கைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் பழைய பாங்காக்கில் வாழ்ந்தவர்களை நகர்த்தியிருக்கிறார்கள். 1782-ல் சீனர்களிடம் சொன்ன அதே வார்த்தை.

அதே 2018-ல், ஆகஸ்டில், காவ் சானின் சாலையோரக் கடைக்காரர்களைப் பகலில் கடை போடக் கூடாது என்றார்கள். அவர்கள் மறுத்துக் கடை போட்டார்கள். இதற்குள் பலகைத் தடுப்பு வீடுகள் பெரும்பாலும் போய், ஏசி ஹாஸ்டல்களும் நீச்சல்குளம் வைத்த ஓட்டல்களும் பன்னாட்டு காபிக் கடைகளும் வந்திருந்தன. முட்டை பொரித்த அம்மாக்களில் சிலர் இடத்தை நல்ல குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு பேட்டைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு கொரோனா. 2019-ல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் கிட்டத்தட்ட 4 கோடி. 2021-ல் சுமார் 4.3 லட்சம், அவ்வளவுதான். சரியாக அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சி சுமார் 4.8 கோடி பாட் செலவில் தெருவைச் சீரமைத்திருந்தது, நடைபாதையும் சாலையும் ஒரே மட்டமாக. பளபளவென்று ஒரு தெரு, ஒரு வெள்ளைக்காரர் இல்லை. கட்டுப்பாடு தளர்ந்த வாரங்களில் அதை நிரப்பியது பாங்காக் பிள்ளைகள். பல வருஷமாக 'அது வெளிநாட்டுக்காரன் தெரு' என்று ஒதுங்கியிருந்தவர்கள், தம்மசாட் மாணவர்கள் உள்பட, பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரர்கள் விலைப்பலகையைத் தாய் மொழியில் எழுதி வைத்தார்கள்.