பூச்சியைக் கொன்ற பூஞ்சை மனிதனைக் காத்த கதை



1749-ஆம் ஆண்டு. கியூபாவின் ஹவானா நகருக்கு அருகே ஹோசே டொருபியா என்ற ஸ்பானியப் பாதிரியார் செத்துக் கிடந்த குளவிகளைப் பார்த்தார். அவற்றின் வயிற்றிலிருந்து சிறு செடிகள் முளைத்திருந்தன. 1754-இல் தம் நூலில் இதை எழுதினார். பூச்சிதான் செடியாக மாறுகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். உண்மையில் அது செடியன்று. பூச்சியின் உடலைத் தின்று வளர்ந்த பூஞ்சை.

அதற்கு 110 ஆண்டுகளுக்குப் பின், 1859-இல், நமக்குப் பக்கத்திலுள்ள சுலாவெசி தீவில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் இத்தகைய பூஞ்சை பிடித்த எறும்புகளைச் சேகரித்தார். 1865-இல் பிரான்சின் துலான் சகோதரர்கள் எறும்பைத் தாக்கும் பூஞ்சைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அதில் டொருபியா பாதிரியாரின் பெயரையும் சேர்த்தார்கள்.

இந்தப் பூஞ்சையின் வித்து எறும்பின் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. உடல் முழுவதும் பரவியதும் எறும்பு தன் கூட்டத்தை விட்டு விலகுகிறது. இலை நரம்பைக் கடித்துப் பிடித்தபடியே உயிரை விடுகிறது. தாய்லாந்துக் காட்டில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வின்படி, அந்த இலை தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பூஞ்சை வளரத் தேவையான ஈரமும் வெப்பமும் அங்கேதான் கிடைக்கின்றன. பிறகு எறும்பின் தலைக்குப் பின்னால் தண்டு முளைத்து, வித்துகள் கீழே உதிர்கின்றன.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 1969-இல் நார்வேயில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கிடைத்தது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் இம்மருந்துக்கு 1983-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதே பூஞ்சை வண்டுப் புழுக்களைக் கொன்று வளர்வது என்பது 1996-இல்தான் தெரிய வந்தது. எறும்புப் பூஞ்சையும் இதுவும் ஒரே குடும்பம்.

2011-இல் பிரேசில் காட்டில், ஒரே இனம் என்று கருதப்பட்ட எறும்புப் பூஞ்சை நான்கு தனி இனங்கள் எனக் கண்டறிந்தார்கள். ஒவ்வோர் இனமும் ஒரே வகை எறும்பை நம்பியே வாழ்கிறது. அந்த எறும்பு அழிந்தால் அதன் பூஞ்சையும் அழியும்.

செம்பனைக்காகவும் வீடமைப்புக்காகவும் காட்டை வெட்டும்போது நாம் மரங்களை மட்டுமே எண்ணுகிறோம். பெயர்கூட வைக்காத ஓர் உயிரோடு நம் பேரப்பிள்ளைகளுக்கான மருந்தும் சேர்ந்து போய்விடலாம். வெட்டுமுன் ஒரு கணம் சிந்திப்போம்.