கணுக்காலிகள்: உடலமைப்பும் வகைப்பாட்டு வரலாறும்

கணுக்காலிகள் என்பவை அடுத்தடுத்த கண்டங்களாக அமைந்த உடலும், மூட்டுகளால் மடங்கும் இணைக் கால்களும், மேனி முழுவதையும் மூடும் கைட்டின் கலந்த புறச்சட்டகமும் உடைய முதுகெலும்பற்ற உயிரினங்களின் தொகுதியாகும். ஈ, எறும்பு, வண்டு, பட்டாம்பூச்சி முதலிய பூச்சிகளும், சிலந்தி, தேள், உண்ணி ஆகியவையும், நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளும், பூரான், மரவட்டை முதலிய பல்காலிகளும் இத்தொகுதியில் அடங்கும். அறிவியல் பெயர் பெற்றுள்ள விலங்கினங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கணுக்காலிகளே. பூச்சிகள் மட்டும் சுமார் 10 லட்சம் இனங்கள், அவற்றுள்ளும் வண்டுகள் 4 லட்சத்தை நெருங்குகின்றன. இக்கூட்டத்தை வகுத்து முறைப்படுத்தும் முயற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதேனும் ஒன்று தலைமை அடையாளமாகக் கொள்ளப்பட்டது: முதலில் இறக்கை, பின்னர் உருமாற்றம், அதன்பின் வாய், கால், இறுதியில் மரபணு. ஓர் உறுப்பு இருப்பதைக் கொண்டு வகுத்த பிரிவுகளுள் பல இன்றுவரை நிலைத்திருக்க, ஓர் உறுப்பு இல்லாததைக் கொண்டு வகுத்தவை ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின.

புறச்சட்டகம் தசைகள் பற்றிக்கொள்ளும் இடமாகவும், உடலின் ஈரத்தைக் காக்கும் உறையாகவும் பயன்படுகிறது. ஆனால் ஒருமுறை இறுகிவிட்டால் விரிந்துகொடுப்பதில்லை. எனவே வளரும் கணுக்காலி அவ்வப்போது பழைய சட்டையைக் கழற்றியாக வேண்டும். அப்படித் தோலுரித்த நண்டு, விரலால் தொட்டாலே அமுங்கும் மென்மையுடன், புதிய ஓடு இறுகும்வரை மறைவிடத்தில் பதுங்கிக் கிடக்கும். கண்டங்கள் ஒன்றுசேர்ந்து பெரும் பகுதிகளாக அமையும் விதம் குழுவுக்குக் குழு வேறுபடுகிறது. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரிந்து, மார்பின் மூன்று கண்டங்களிலும் கண்டத்துக்கு ஓரிணைக் கால்களையும், பெரும்பாலான இனங்களில் பின்னிரு கண்டங்களில் இறக்கைகளையும் தாங்குகிறது. சிலந்தியில் தலையும் மார்பும் ஒன்றாகி நான்கு இணைக் கால்களைத் தாங்க, உணர்கொம்பு அறவே இல்லை. ஓட்டுடலிகளுக்கோ உணர்கொம்புகள் இரண்டு இணைகளாக உள்ளன. பூரானுக்குக் கண்டந்தோறும் ஓரிணைக் கால்களும், மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணைகளும் அமைந்திருக்கின்றன.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) குருதியற்றவை எனத் தாம் கருதிய விலங்குகளைப் பகுத்தபோது, உடலில் வெட்டுத் தடங்கள் உள்ளவற்றை ஒரு குழுவாகவும், நண்டு, இறால் முதலியவற்றை மெல்லோட்டு விலங்குகள் என்னும் வேறொரு குழுவாகவும் வைத்தார். முதற்குழுவுக்குள் முன்னிறக்கை உறைபோல் மூடியிருப்பவை, இரண்டு இறக்கை உடையவை, நான்கு இறக்கை உடையவை எனப் பிரித்துக்காட்டியதோடு, இரண்டிறக்கை உடையவை முன்புறத்தாலும் நான்கிறக்கை உடையவை பின்புறத்தாலும் கொட்டுகின்றன என்றும் குறித்தார். கொசுவையும் குளவியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இக்கூற்றின் நுட்பம் விளங்கும். தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்து, கறையானையும் எறும்பையும் மூவறிவுடையவற்றிலும், நண்டையும் தும்பியையும் நாலறிவுடையவற்றிலும் சேர்க்கிறது. அது உடற்கூற்றைக் கொண்டு செய்த பகுப்பன்று; ஆதலால் நண்டும் தும்பியும் அங்கே ஒரே வரிசையில் நிற்பதை இன்றைய உறவுமுறையின் முன்னறிவிப்பாகக் கொள்வது பொருந்தாது.

பதினேழாம் நூற்றாண்டில் நுண்ணோக்கி புழக்கத்துக்கு வந்தபின் ஆய்வு உடலின் உட்புறத்துக்குத் திரும்பியது. இத்தாலியரான மார்செல்லோ மால்பீகி 1669இல் வெளியிட்ட பட்டுப்புழு ஆய்வில், அப்புழுவுக்கு நுரையீரல் இல்லை, உடலின் இருபக்கமும் உள்ள சிறு துளைகளில் தொடங்கிக் கிளைவிட்டுப் பரவும் மூச்சுக்குழல்களே காற்றைக் கொண்டுசெல்கின்றன என நிறுவினார். அத்துளைகளில் எண்ணெய் தடவியதும் புழு மூச்சடைத்து இறந்தது. பூச்சிகளின் கழிவுநீக்க உறுப்புகளான நுண்குழல்கள் இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகின்றன. அதே ஆண்டில் நூல் வெளியிட்ட டச்சு மருத்துவர் யான் சுவாமர்டாம், கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் இருந்த கம்பளிப்புழுவின் தோலை உரித்து, பட்டாம்பூச்சியின் இறக்கைகள் உள்ளே மடிந்து கிடப்பதைக் காட்டினார். புழு செத்து வேறோர் உயிர் பிறக்கிறது என்ற பழைய எண்ணம் இதனால் வலுவிழந்தது. தேனீக்களின் அரசன் எனக் கருதப்பட்டதன் வயிற்றில் சூலகங்களைக் கண்டு அது பெண் என்று மெய்ப்பித்தவரும் அவரே. பூச்சிகளை அவர் உருமாற்றத்தின் வகை கொண்டு நான்காகப் பிரித்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் கருநிறப் பெருந்தேள் ஒன்றின் அறிவியல் பெயரில் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது. மரியா சிபில்லா மெரியன் தென்னமெரிக்காவின் சுரினாமில் தங்கி வரைந்து 1705இல் வெளியிட்ட வண்ணப்படங்களோ, ஒவ்வொரு புழுவையும் அது உண்ணும் செடியின் மீதே வைத்துக் காட்டின.

சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயசு, 1758இல் வெளியான தம் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் பூச்சி வகுப்பை ஏழு வரிசைகளாக்கினார். வண்டுகள், பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும், தேனீ குளவி எறும்பு இனம், ஈக்களும் கொசுக்களும் என இறக்கையின் எண்ணிக்கையையும் தன்மையையும் பார்த்து அவர் வகுத்தவை பெருமளவு இன்றும் வழக்கில் உள்ளன. ஏழாவதான இறக்கையற்றவை என்னும் வரிசைதான் குழப்பத்தின் ஊற்று. பேன், தெள்ளுப்பூச்சி, கறையான், இராமபாணப் பூச்சி ஆகியவற்றோடு சிலந்தி, தேள், உண்ணி, நண்டு, பூரான், மரவட்டை வரை 14 பேரினங்கள் அதில் மூட்டையாகக் கட்டப்பட்டன. நண்டைத் தனியே நிறுத்திய அரிஸ்டாட்டிலோடு ஒப்பிட்டால் இவ்விடத்தில் லின்னேயசு பின்னடைந்தார் என்றே சொல்ல வேண்டும். அதன்பின் வந்த கணுக்காலி வகைப்பாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி இம்மூட்டையை அவிழ்த்த வரலாறே ஆகும்.

லின்னேயசின் மாணவரான டென்மார்க் நாட்டு யோகான் கிறிஸ்தியான் பாப்ரீசியசு, 1775 முதல் வெளியிட்ட நூல்களில் இறக்கையை விட்டு வாயுறுப்புகளைப் பகுப்புக்கு அடிப்படையாக்கினார். உணவை மெல்லும் வாயும் உறிஞ்சும் வாயும் வாழ்க்கை முறையையே காட்டுவதால் அவையே இயல்பான உறவைத் தெரிவிக்கும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ 10,000 இனங்களுக்குப் பெயரிட்ட அவருக்குத் தமிழகக் கடற்கரையிலிருந்தும் மாதிரிகள் கிடைத்தன. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி அக்காலத்தில் இயற்கை ஆய்வாளர் கூடும் இடமாக விளங்கிற்று. லின்னேயசின் மற்றொரு மாணவரான யோகான் கெர்ஹார்டு கோனிக் 1768இல் அங்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியக் கறையான்களை நேரில் கண்டு 1779இல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். உப்பங்கழிகளில் பிடிபடும் சேற்று நண்டுகளுள் ஒன்று 1798இல் பாப்ரீசியசிடம் பெற்ற பெயரில் தரங்கம்பாடி நிலைத்துவிட்டது. அந்த நண்டு முதன்முதலில் விவரிக்கப்பட்டது ஒரு பூச்சியியல் நூலின் பிற்சேர்க்கையில் என்பது, லின்னேயசின் மூட்டை அப்போதும் முழுதாக அவிழவில்லை என்பதற்குச் சான்று.

அவிழ்த்தவர்கள் பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள். 1801இல் அச்சான நூலில் லாமார்க்கு ஓட்டுடலிகளையும் சிலந்தி இனத்தையும் பூச்சிகளிலிருந்து பிரித்துத் தனி வகுப்புகளாக்கினார். பியேர் ஆந்த்ரே லத்ரேய் பல்காலிகளுக்குத் தனிப்பெயர் தந்தார். பாதிரியாராக இருந்த லத்ரேய் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் போர்தோ நகரில் சிறைப்பட்டபோது, சிறை அறையில் தாம் கண்ட அரிய வண்டொன்றை அங்கு வந்த மருத்துவரிடம் காட்ட, அது இயற்கை ஆய்வாளர் ஒருவர் கைக்குச் சென்று அவருடைய விடுதலைக்கு வழிவகுத்தது. ஜார்ஜ் கூவியே 1812இல் கணுக்காலிகளையும் மண்புழு முதலிய வளையப் புழுக்களையும் கண்டமுடையவை என ஒரே பெரும்பிரிவில் சேர்த்தார். பாடநூல்களில் இக்கருத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இவர்களைவிட ஆழமாகச் சென்றவர், நெப்போலியனின் எகிப்துப் பயணத்தில் உடன்சென்று திரும்பிய யூல்-செசார் சவினி. 1816இல் வெளியிட்ட ஆய்வுரைகளில் அவர் பல்வேறு பூச்சிகளின் வாயுறுப்புகளைப் பிரித்தெடுத்து வரிசையாக வரைந்தார். கரப்பானின் வாயில் மேலுதட்டுக்குப் பின்னே கடிக்கும் தாடை ஓரிணை, அதன்பின் உணவைப் பற்றும் துணைத்தாடை ஓரிணை, அடியில் கீழுதடு என உறுப்புகள் அடுக்காக நிற்கின்றன. ஒற்றை உறுப்பாகத் தோன்றும் அக்கீழுதடு உண்மையில் நடுவே ஒட்டிக்கொண்ட இன்னோர் இணைத் துணைத்தாடை. பட்டாம்பூச்சியின் சுருண்ட உறிஞ்சுகுழல், கரப்பானிடம் உள்ள அதே முதல் துணைத்தாடைகள் நீண்டு இணைந்ததால் அமைந்தது. இறாலையும் நண்டையும் ஒப்பிட்டபோது, மார்புக்கால்கள் சிறிது சிறிதாக வடிவம் மாறி வாயருகே உணவைத் தள்ளும் தாடைக்கால்களாவதைக் காண முடிகிறது. ஆகவே வாய் என்பது உருமாறிய கால்களின் தொகுப்பே என்ற முடிவுக்கு அவர் வந்தார். வெவ்வேறு உயிர்களில் உருவமும் பயனும் மாறினாலும் அடிப்படையில் ஒரே உறுப்பாக இருப்பதைக் கண்டறியும் இம்முறைக்குப் பிறகு, உறுப்புகளை வெறுமனே எண்ணும் வகைப்பாட்டுக்கு மதிப்பு குறைந்தது. கண்நோயால் பார்வையை இழந்த சவினி இப்பணியைத் தொடர முடியாமற்போனது விலங்கியலுக்குப் பெரிய இழப்பு.

ஜெர்மானியரான கார்ல் ஃபான் சீபோல்ட் 1848இல் வளையப் புழுக்களை நீக்கிக் கணுக்காலிகளைத் தனித் தொகுதியாக்கினார். எனினும் உள்ளிருந்த வழக்குகள் ஓயவில்லை. பெயரிலும் ஓட்டிலும் நண்டாகத் தோன்றும் குதிரைலாட நண்டின் செவுள்கள் புத்தகத் தாள்கள்போல் அடுக்கப்பட்டவை. தேளின் வயிற்றிலுள்ள நுரையீரல்களும் அதே அமைப்புடையவை. இதையும் பிற ஒற்றுமைகளையும் காட்டி, எட்வின் ரே லங்கெஸ்டர் 1881இல் அது நண்டன்று, சிலந்தி இனமே என வாதிட்டார். இந்நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள் சிலவும் குதிரைலாட நண்டைச் சிலந்தி இனத்தின் நடுவிலேயே வைக்கின்றன. மற்றவை அதைப் பக்கத்து உறவாக மட்டும் கொள்கின்றன.

தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய முறையான நூல்கள் லங்கெஸ்டரின் காலத்தை ஒட்டியே தோன்றின. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து அந்துப்பூச்சிகளைச் சேகரித்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் பிரித்தானிய இந்திய விலங்குகள் வரிசையில் அந்துப்பூச்சித் தொகுதிகளை எழுதினார். டி. பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914இலும், டி. வி. ராமகிருஷ்ண அய்யரின் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இலும் வெளிவந்தன. சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்களைக் குறித்து நடத்திய ஆய்வு உலக அளவில் மதிக்கப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் சர்ச்சை தாடையைச் சுற்றி எழுந்தது. பூச்சி கடிப்பது முழுக்காலின் நுனியால், நண்டு கடிப்பது காலின் அடிப்பகுதியால், ஆகவே இரண்டும் தனித்தனி மூதாதையரிடமிருந்து வந்தவை எனப் பிரிட்டனின் சிட்னி மான்டன் வாதிட்டு, பூச்சிகளையும் பல்காலிகளையும் ஒரு பிரிவாக்கினார். காலின் நுனியை உருவாக்கும் மரபணு பூச்சியின் தாடையில் செயல்படுவதில்லை என 1990களில் தெரியவந்ததும் அவ்வாதத்தின் அடித்தளம் சரிந்தது. ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியரான வில்லி ஹென்னிக், பொது மூதாதையிடமிருந்து பெற்ற புதிய பண்புகளை மட்டுமே உறவுக்குச் சான்றாகக் கொள்ள வேண்டும் என 1950இல் எழுதியது இதற்கு இணையாக வளர்ந்தது. இறக்கையின்மை ஏன் நல்ல அடையாளமாகாது என்பதற்கான விளக்கத்தையும் அக்கொள்கை தந்தது: இராமபாணப் பூச்சிக்கு இறக்கை தோன்றவே இல்லை, பேனும் தெள்ளுப்பூச்சியும் இருந்ததை இழந்தவை.

1997இல் மரபணு ஒப்பீடு கணுக்காலிகளை வளையப் புழுக்களிடமிருந்து விலக்கி, உருளைப்புழுக்கள் உள்ளிட்ட தோலுரிக்கும் உயிர்களோடு சேர்த்தது. 75 இனங்களின் 62 மரபணுக்களைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு, பூச்சிகள் பல்காலிகளுக்கு நெருங்கியவை அல்ல, ஓட்டுடலிகளுக்குள்ளிருந்தே கிளைத்தவை என்பதை உறுதிப்படுத்தியது. அவற்றின் நெருங்கிய உறவாக இப்போது கருதப்படுவது, 1979இல் பஹாமாஸ் தீவின் நீரடிக் குகையொன்றில் கண்டெடுக்கப்பட்ட, துடுப்புக் கால்கள் கொண்ட குருட்டு ஓட்டுடலி இனமாகும். பூச்சி இனம் தோன்றி ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது 2014இல் வெளியான மதிப்பீடு. லின்னேயசின் இறக்கையற்றோரில் எஞ்சியவையும் வீடு மாறின: கறையான் கரப்பான் வரிசைக்குள்ளும், பேன் பழைய தாள்களில் ஊரும் புத்தகப்பேனின் குடும்பத்துக்குள்ளும், தெள்ளுப்பூச்சி ஈக்களுக்கு அருகிலும் சென்றன; ஆறு கால் இருந்தும் தத்துவால்பூச்சி பூச்சி வகுப்பைவிட்டே நீக்கப்பட்டது. இதற்கிடையே 2002இல் ஆப்பிரிக்காவிலிருந்து முற்றிலும் புதிய பூச்சி வரிசை ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

மொத்த இனங்களின் எண்ணிக்கை இன்னும் மதிப்பீடாகவே உள்ளது. டெரி எர்வின் பனாமாவில் ஒரே மர இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிமருந்துப் புகை அடித்து, கீழே விழுந்த வண்டுகளில் 1,100க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டார். அதைப் பெருக்கி, வெப்பமண்டலக் காடுகளில் 3 கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என 1982இல் எழுதினார். ஓர் இனம் ஒரே மரத்தில் மட்டும் வாழும் என்பதை அவர் மிகைப்படுத்திக் கொண்டதாகப் பின்வந்தோர் காட்டியதால், பூச்சிகளுக்கான எண்ணிக்கை இப்போது 50 முதல் 60 லட்சம் அளவில் கூறப்படுகிறது. வண்டுகளே மிகப் பெரிய வரிசை என்ற நெடுநாள் கருத்தும் 2018இல் கேள்விக்குள்ளானது. பிற பூச்சிகளின் உடலிலும் முட்டையிலும் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை முறையாக எண்ணினால் குளவி வரிசை வண்டுகளை மிஞ்சும் என அவ்வாய்வு வாதிட்டது. அக்குளவிகளுள் ஒன்றின் ஆண் 0.14 மில்லிமீட்டருக்குட்பட்ட நீளமே உடையது. கண்ணும் இறக்கையும் இல்லாத அதுவே இதுவரை அறியப்பட்ட பூச்சிகளுள் மிகச் சிறியது.