ஏழு ஷில்லிங்கில் பிறந்த வழக்கம்

சிட்னியில் சர்க்குலர் கீயிலோ வொயிட் பேயிலோ உல்லாசக் கப்பல் ஏறும் தமிழ்க் குடும்பங்களில், பயணத்தின் கடைசி இரவில் ஒரு பேச்சு எழாமல் இருக்காது. "இத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் பரிமாறின தம்பிக்குக் கையில ஏதாவது கொடுக்க வேண்டாமா?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா கேட்பார். "இங்கெல்லாம் யாரும் டிப்ஸ் கொடுக்க மாட்டாங்கம்மா. எல்லாம் டிக்கெட்லயே சேர்ந்திருக்கு" என்பான் மகன். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் மகன் சொல்கிற அந்த வழக்கம் எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், கடலை விட்டுக் கரையேறி, மெல்பர்னின் மேற்குப் பக்கம் சன்ஷைன் என்ற ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

டார்னீட், விண்டம் வேல் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் வேலைக்குப் போகும் ரயிலில் அன்றாடம் கடக்கும் நிலையம்தான் அது. ஊரின் பெயர் ஓர் அறுவடை இயந்திரத்திலிருந்து வந்தது. ஹியூ விக்டர் மெக்கே என்ற விவசாயி மகன், கதிரைக் கொய்து, அடித்து, தூற்றி, மணியைத் தனியே பிரித்துத் தரும் இயந்திரத்துக்கு 'சன்ஷைன் ஹார்வெஸ்டர்' என்று பெயரிட்டுப் பல்லாரட்டில் தொழில் நடத்திவந்தார். பிறகு தொழிற்சாலையை மெல்பர்னை ஒட்டிய பிரேபுரூக் ஜங்ஷனுக்குக் கொண்டுவந்தார். சீக்கிரமே ஊரும் இயந்திரத்தின் பெயரையே வைத்துக்கொண்டது. 1909-இல் அவர் அமைத்த பூங்கா இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

1906-இல் பிரதமர் ஆல்ஃபிரட் டீக்கினின் அரசு ஒரு சட்டம் போட்டது. உள்நாட்டில் செய்யும் விவசாய இயந்திரங்களுக்குக் கலால் வரி உண்டு. தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்கும் முதலாளிக்கு அந்த வரி கிடையாது. வெளிநாட்டு இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி போட்டு முதலாளியைக் காப்பாற்றிய அரசு, அந்தப் பாதுகாப்பில் தொழிலாளிக்கும் பங்கு கேட்டது. மெக்கே வரிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்தார். நியாயமான கூலி என்றால் எவ்வளவு என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை முடிவு செய்யும் வேலை, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் நீதிமன்றத்தின் தலைவர் ஹென்றி போர்ன்ஸ் ஹிக்கின்ஸிடம் வந்தது. அயர்லாந்தில் பிறந்து, 1870-இல் குடும்பத்தோடு மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

1907 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. முதலாளிக்கு எவ்வளவு கட்டுப்படியாகும், சந்தையில் கூலி என்ன விலை போகிறது என்பதை ஹிக்கின்ஸ் முதல் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தொழிலாளியும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரு வாரம் எதைச் செலவழித்து வாழ்கிறார்கள் என்று கேட்டார். வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருந்த பெண்களின் சாட்சியம் நீதிமன்றத்துக்கு வந்தது. வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், விறகு, காய்கனி எல்லாம் சேர்த்து, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 1 பவுண்டு 12 ஷில்லிங் 5 பென்ஸ் ஆனது.

இந்தத் தீர்ப்பில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதற்கு அடுத்து வருவதுதான். இந்தக் கணக்கில் எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று ஹிக்கின்ஸ் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகிறார். விளக்கு, துணிமணி, காலணி, தட்டுமுட்டுச் சாமான், ஆயுள் காப்பீடு, சேமிப்பு, வேலை போகும் நாட்கள், சங்கச் சந்தா, புத்தகம், செய்தித்தாள், டிராம் கட்டணம், தையல் இயந்திரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, பொழுதுபோக்கு, விடுமுறை, புகையிலை, மது, நோய், சாவு, கோயிலுக்கும் தருமத்துக்கும் கொடுப்பது. கூலிக்காரனுக்கும் விடுமுறையும் செய்தித்தாளும் தேவை என்று ஒரு நீதிபதி 1907-இல் எழுதி வைத்திருக்கிறார். பிறருக்குத் தருமம் கொடுக்கும் உரிமைகூட அவன் கூலிக்குள் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழும் பட்டியல் அது.

1907 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. திறன் தேவைப்படாத வேலை செய்பவனுக்கும் நாளுக்கு 7 ஷில்லிங், வாரத்துக்கு 42 ஷில்லிங்குக்குக் குறையக் கூடாது. மெக்கே கொடுத்துவந்தது 6 ஷில்லிங். வரிவிலக்கு கிடைக்கவில்லை. அவர் வரி கட்டவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1908-இல் அங்கே அந்தச் சட்டமே செல்லாது என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். மாறுபட்ட இருவரில் ஹிக்கின்ஸும் ஒருவர். வழக்கில் வென்றது மெக்கேதான். ஆனால் அந்த 7 ஷில்லிங் சாகவில்லை. பிற தொழில்களின் வழக்குகள் தன்னிடம் வந்தபோதெல்லாம் ஹிக்கின்ஸ் அதையே அளவாக வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நாடெங்கும் அடிப்படைக் கூலிக்கு அதுவே அடித்தளமானது.

சாப்பாட்டுக் கடைச் சிப்பந்தியைப் பற்றி அந்தத் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் டிப்ஸ் தேவையில்லாத மேசைக்கு அங்கேதான் கால் நட்டார்கள் என்பது என் துணிபு. ஒருவன் குடும்பம் நடத்தத் தேவையானதை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாடு முடிவு செய்துவிட்டால், சாப்பிட வந்தவனின் தயவை அவன் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. இன்று மெல்பர்ன் லைகன் தெருவில் காபி கொண்டுவந்து வைக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் சட்டப்படி ஒரு கூலி அட்டவணை இருக்கிறது. தற்காலிக ஊழியர் என்றால் 25 சதவீதம் கூடுதல். ஞாயிறன்று இன்னும் அதிகம்; பொது விடுமுறை நாளில் இரண்டு மடங்குக்கும் மேல். அன்றைக்குப் பில்லில் 10, 15 சதவீதம் ஏற்றிப் போடுகிறார்களே என்று நாம் முகம் சுளிப்பது அந்தக் கூலிக்காகத்தான்.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் போயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஜார்ஜ் புல்மன் தன் படுக்கை ரயில் பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை வேலைக்கு வைத்தார். சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளின் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் செய்தன. எந்தத் தடையும் நிலைக்கவில்லை. 1966-இல் நடந்தது இன்னும் மோசம். வாடிக்கையாளர் தரும் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிக்குச் சட்டமே அனுமதி தந்தது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய கூலி என்று கூட்டரசுச் சட்டம் வைத்திருப்பது மணிக்கு 2.13 டாலர். 1991-க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை.

ஆஸ்திரேலியாவின் 7 ஷில்லிங்குக்கும் இருண்ட பக்கம் உண்டு. தமிழில் எழுதும் நான் அதைச் சொல்லாமல் போவது தவறு. ஹிக்கின்ஸ் மனத்தில் இருந்தது குடும்பத்தைத் தாங்கும் ஆண். 'பெண்கள் வேலை' என்று ஒதுக்கப்பட்டதற்குக் கூலி ஏறத்தாழப் பாதியாகவே வெகுகாலம் கிடந்தது; சம வேலைக்குச் சமக் கூலி என்ற தீர்ப்புகள் 1969-லும் 1972-லும்தான் வந்தன. மாட்டுப் பண்ணைகளில் உழைத்த பழங்குடித் தொழிலாளிகளுக்குச் சமக் கூலி தர 1966-இல்தான் உத்தரவு வந்தது. அந்தக் கூலி மதிலின் மறுபக்கம், வெள்ளையரல்லாதாரை வெளியே நிறுத்திய வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நின்றது. 1901-இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் பலருக்கும் தெரியும். அதே ஆண்டு வந்த அஞ்சல் தந்திச் சட்டம், ஆஸ்திரேலிய அரசின் ஒப்பந்தத்தில் தபால் சுமக்கும் கப்பல்களில் வெள்ளையர் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று விதித்தது. அப்போது பி அண்டு ஓ நிறுவனத்தின் கப்பல்களில் தளத்திலும் கொதிகலன் அறையிலும் உழைத்தவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளிகள். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவர்கள் பெரும்பாலும் கோவாக்காரர்கள். கரையில் எழுதப்பட்ட நியாயம் கப்பலில் வந்த கறுப்புக் கைகளுக்கு எட்டக் கூடாது என்பதில் அன்றைய அரசு தெளிவாகவே இருந்தது.

அதே நிறுவனம் இந்த மண்ணிலிருந்து தன் முதல் உல்லாசப் பயணத்தை நடத்தியது 1932 டிசம்பரில். பி அண்டு ஓவின் 'ஸ்ட்ராத்தேர்ட்' சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் வழியாக நார்ஃபோக் தீவுக்குப் போய் வந்தது. கப்பலில் டிப்ஸ் கொடுப்பது அதற்கு முன்பே, அட்லாண்டிக் கடலைக் கடந்த பெரிய கப்பல்களிலேயே வேரூன்றியிருந்தது. 1912-இல் டைட்டானிக்கில் பரிமாறியவருக்கு மாதச் சம்பளம் 3 பவுண்டு 15 ஷில்லிங். சன்ஷைனில் மண் சுமப்பவனுக்கு இரண்டு வாரத்தில் கிடைக்க வேண்டும் என்று ஹிக்கின்ஸ் சொன்ன தொகையைவிட அது குறைவு. மீதியெல்லாம் பயணிகள் கையில்.

பிற்காலத்தில் அதற்கு ஒரு சடங்கே உருவானது. பயணம் முழுவதும் ஒரு குடும்பத்துக்கு ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பரிமாறுபவர், அவருக்கு ஓர் உதவியாள். கடைசி இரவில் அறைக்குச் சின்னச் சின்ன உறைகள் வரும். பரிமாறியவருக்கு ஒன்று, உதவியாளுக்கு ஒன்று, அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒன்று, தலைமைப் பரிமாறுநருக்கு ஒன்று. பணத்தை வைத்து ஒட்டி, இரவு உணவின்போது கைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாத சிலர் அன்றிரவு மட்டும் அந்தக் கூடத்துப் பக்கமே வராமல் வேறிடத்தில் சாப்பிட்டுவிடுவார்கள். ஒரு வாரம் அவர்கள் பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தவர் அந்த வெற்று மேசையைப் பார்த்து நிற்பார்.

2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனம், நினைத்த நேரத்தில் நினைத்த மேசையில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேளையும் வெவ்வேறு ஆள் பரிமாறினால் உறையை யாரிடம் கொடுப்பது? தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கிலேயே ஏற்றும் வழக்கம் பிற நிறுவனங்களுக்கும் பரவியது.

ஆஸ்திரேலியர்களுக்கு இது ஒத்துவரவில்லை. கேட்காமலே கணக்கில் ஏறும் டிப்ஸ் அவர்களுக்கு மோசடிபோலப் பட்டது. இங்கிருந்து ஓடிய பி அண்டு ஓ ஆஸ்திரேலியா, டிப்ஸ் வேண்டாம், எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்று விற்றது. அந்தப் பெயர் 2025 மார்ச்சில் கார்னிவல் கப்பல் நிறுவனத்துக்குள் கரைந்தது. இங்கிருந்து புறப்படும் எல்லாக் கப்பலுக்கும் இதுவே விதி என்று யாரும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மாதிரி.

எனக்கு உறுத்துவது இதுதான். சிட்னித் துறையில் கட்டிக் கிடக்கும் கப்பலின் கொடி பெரும்பாலும் பஹாமாஸுடையது, பனாமாவுடையது. அதில் பரிமாறும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, இந்தியத் தொழிலாளிக்கு ஆஸ்திரேலியாவின் கூலிச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. 2025 ஜூலையில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக, 38 மணி நேர வாரத்துக்கு 948 டாலராக உயர்ந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தேர்ந்த மாலுமி ஒருவருக்கு 2025-இல் வைத்திருந்த மாத அடிப்படைச் சம்பளமே 700 அமெரிக்க டாலருக்கும் கீழ். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வாரத்துக்கு 72 மணி நேர வேலை வரை இடம் தருகிறது. டிப்ஸ் கொடுக்காத வழக்கத்தை ஆஸ்திரேலியர்கள் கப்பலுக்குள் எடுத்துப் போனார்கள். அந்த வழக்கத்தைச் சாத்தியமாக்கிய கூலி துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

ஆகவே, டிக்கெட் வாங்கும்போதே டிப்ஸ் கட்டணத்தில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். அடக்கம் என்றால் கடமை தீர்ந்தது. அதற்கு மேல் கையில் கொடுப்பது உங்கள் பிரியம். நாளுக்கு இவ்வளவு என்று தனியே ஏற்றினால், அதை எடுக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் போய் நிற்காதீர்கள். பல கப்பல்களில் கேட்டால் எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பணம் குறைவது உங்களுக்குப் பரிமாறியவரின் வருமானத்தில். 'ஆஸ்திரேலியாவில் டிப்ஸ் வழக்கமில்லை' என்ற சொல், ஆஸ்திரேலியக் கூலி வாங்கும் ஆளுக்கு மட்டுமே பொருந்தும்.