இணையம் எந்தத் தெருவில் இறங்கியது?

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் இணைப்புப் பெற்ற பெருநகரங்களுள் சென்னையும் ஒன்று. கணினி, தொலைபேசி இணைப்பு, மோடம், ஆயிரக்கணக்கில் கட்டணம் ஆகிய நான்கும் உள்ளவர்களுக்கே அன்று இணையம் வாய்த்தது. ஏனையோர் அதைப் பிறர் நடத்திய ஓர் அறைக்குள் சென்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. தொடக்ககால இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் வேகத்தையும் விலையையும் பேசுகிறார்கள். அந்த அறை எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்பவர் குறைவு. ஊர் என்றும் காலனி என்றும் மனிதர்கள் பிரித்துக் குடியமர்த்தப்பட்ட மண்ணில் அதுவே முதற் கேள்வி என்பது நமது கருத்து.

அவிநாசி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் உருவானது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இத்தகைய தாலுகா நகரங்களில் எஸ்.டி.டி. பூத்துகளுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் பக்கத்தில் ‘பிரவுசிங் சென்டர்’ பலகைகள் தோன்றின. தேர்வு முடிவு பார்க்கவும், கல்லூரி விவரம் தேடவும், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பவும் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்தனர். பேருந்து நிலையத்தருகே உள்ள கடையில், வருபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. இந்த அறிமுகமின்மை சிறியதொரு விடுதலை. கிராமத்தில் அதற்கு வழியில்லை. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்திருந்த ஊர்களில், ஊர்த்தெருவில் இருக்கும் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் அமர்வது காலனிப் பிள்ளைக்கு எளிதன்று. எனவே அருந்ததியர் மாணவர் ஒருவருக்கு இணையத்தின் விலை என்பது மணிக்கட்டணத்தோடு பேருந்துக் கட்டணமும் அரைநாள் கூலியும் சேர்ந்தது. நூற்பாலை விடுதிகளில் ‘சுமங்கலி’ ஒப்பந்தத்தின் பெயரில் அடைக்கப்பட்ட பெண்களுக்கோ அந்தப் பேருந்துப் பயணமும் இல்லை.

கிராமத்திலேயே பொது இணைய அறை அமைத்தால் என்ன நேரும் என்பதை அக்காலத்து இரு முயற்சிகள் காட்டுகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலம் என்னும் ஊரில் மையத்துக்குக் கோயிலின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழ் அதைப் பற்றி எழுதியது. கோயிலுக்கு இரண்டு வாசல்கள். வழிபாட்டுக்குரிய வாசலில் தலித்துகளுக்கும் மாதவிடாய்க் காலப் பெண்களுக்கும் தடை. கணினிகள் இருந்த பக்கத்து வாசலில் எவரும் நுழையலாம். இதைச் சமூகப் புரட்சியாகப் பாராட்டியவர்கள் உண்டு. நமக்கோ தடை அகலவில்லை, பக்கத்தில் ஒரு விதிவிலக்கு திறக்கப்பட்டது என்றே படுகிறது. எனினும் அந்த விதிவிலக்கும் தானாக வந்ததன்று. மையம் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை நிறுவனம் முன்நிபந்தனையாக வைத்ததால் வந்தது.

இரண்டாவது, மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001இல் தொடங்கிய ‘சாரி’ திட்டம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே கிராமங்களில் இணைய மையங்கள் அமைந்தன. அவற்றை ஆராய்ந்த இராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர், பயன்படுத்தியவர்களில் இளைஞர்கள், ஆண்கள், மாணவர்கள், ஓரளவு வசதியுள்ளவர்கள் ஆகியோரே மிகுதி என்று கண்டனர். நாம் அடிக்கோடிட வேண்டியது அவர்களின் மற்றொரு முடிவு: ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கு அருகில் மையம் அமைந்தால் அவர்களின் பயன்பாடு கூடும். விழிப்புணர்வு இல்லை, ஆர்வம் இல்லை என்று நம் மக்கள் மீது சுமத்தப்படும் பழிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன என்பது வேறு கதை.

மொழி இன்னொரு வாசல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. ஆயினும் எழுத்துருக் குழப்பம் நெடுநாள் நீடித்தது. ஆங்கிலம் அறியாத முதல் தலைமுறை மாணவர் திரையில் கட்டங்களைத்தான் கண்டார்.

இத்தனைக்கும் நடுவே, உள்ளே நுழைந்தவர்கள் பெற்றது சிறிதன்று. உள்ளூர் நூலகத்தில் கிடைக்காத அம்பேத்கரின் எழுத்துகள் திரையில் கிடைத்தன. இந்தியத் தலித்துகள் மீதான வன்கொடுமைகளை விவரிக்கும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 1999ஆம் ஆண்டு அறிக்கையைப் படிக்க முடிந்தது. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் சாதியைப் பேசுபொருளாக்கத் தலித் அமைப்புகள் போராடின. சாதி என்பது ஊர்ச்சண்டை அன்று, மனித உரிமைக் கேள்வி என்று சொல்லும் சொற்களும் சான்றுகளும் ஒரு தலைமுறைக்குக் கைவந்தன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணையத்தோடு கணினி உள்ளவை 0.7 விழுக்காடு மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பிறர் அறையின் தயவின்றிக் காலனி வீட்டுக்குள்ளேயே கணினி வந்தது என்பதே அதன் முதன்மைச் சிறப்பு. அதன் பின் அரசு தன் வாசல்களை ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றியது. 2018இல் பொறியியல் கலந்தாய்வும் இணையவழி ஆனது. முன்பு இணையம் இல்லாதவர் தகவலை இழந்தார். இப்போது இருக்கையையே இழக்கக்கூடும்.

ஆகவே சட்டத்தைத் தெளிவாக அறிந்திருப்போம். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், விடுதியில் கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பெண்கள் விடுதிகளில் இன்றும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகளில் நுழைவதற்குச் சாதியின் பெயரால் தடை விதிப்பதை விலக்குகிறது. தனியார் பிரவுசிங் சென்டரும் கடைதான். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ.) பிரிவின்படி, பட்டியல் சாதியினரைக் கடையிலோ கல்வி நிறுவனத்திலோ பிற பொது இடத்திலோ நுழையவிடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். இ-சேவை மையம் எந்தத் தெருவில், எந்த அளவுகோலின்படி அமைக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். பதில் கிடைத்ததும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன் வைக்கலாம்.