ஹாட்ஜஸுக்காக ஒரு மெழுகுவர்த்தி

2012-ல் பேத்தி பிறந்த சமயம் நானும் என் மனைவியும் ஆறு மாதம் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தோம். மாலையில் நடக்கப் போகும் பூங்காவில் ஒரு பெரியவர் அறிமுகமானார். எழுபது வயது, புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சைதான். அவர் சொன்னதையும், பிறகு அங்குள்ள நூலகத்தில் உட்கார்ந்து படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பேஸ்பாலில் பத்து முறை மட்டையைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று முறை பந்தை அடித்துத் தளத்தைப் பிடித்துவிட்டாலே அவர் நட்சத்திரம். மீதி ஏழு முறை தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். அந்தக் காலத்தில் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள். அதெல்லாம் முடிந்து, இரண்டு லீகுகளிலும் முதலிடம் பிடித்த அணிகள் அக்டோபரில் மோதுவது உலகத் தொடர். முதலில் நான்கு ஆட்டங்களை வென்றவருக்குப் பட்டம். ஆறு மாதம் அடித்துக் குவித்ததை அப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த ஒரு வாரம் என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

இதில் அதிகம் அடிபட்டவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ். 1941-ல் அவருடைய சராசரி .406. அதாவது பத்துக்கு நாலுக்கும் மேல். அமெரிக்கன், நேஷனல் ஆகிய இரண்டு லீகுகளிலும் அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு முழுப் பருவத்தில் .400-ஐத் தொட்டவர் இல்லை. உலகப் போருக்காக மூன்று பருவங்களை இழந்து, 1946-ல் திரும்பி வந்து, 1918-க்குப் பிறகு முதல்முறையாக ரெட் சாக்ஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்.

அங்கே 25 வாய்ப்பில் 5 அடி. ஐந்தும் ஒரு தளத்துக்கான சின்ன அடிகள். சராசரி .200. தொடருக்குச் சில நாள் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் பந்து அவர் முழங்கையைப் பதம் பார்த்திருந்தது. இடது கை ஆட்டக்காரரான அவர் வலது பக்கமே அடிப்பார் என்பதால், எதிரணி தடுப்பாளர்களை அந்தப் பக்கமே குவித்து வைத்தது. ஒருமுறை அவர் காலியாகக் கிடந்த இடது பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டிவிட்டார். அதையே ஒரு பாஸ்டன் பத்திரிகை கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டது! ஏழாவது ஆட்டத்தில் 4-3 என்று தோற்றார்கள். வில்லியம்ஸுக்கு மறுபடி உலகத் தொடர் ஆடும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

பாஸ்டன் பத்திரிகைகளும் ரசிகர்களில் ஒரு பகுதியினரும் இதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினார்கள். அவரும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. கைதட்டினாலும் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்ல மாட்டார். 1956-ல் கூட்டத்தைப் பார்த்துத் துப்பியதற்காக அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். 1960-ல் தன் கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடித்தபோதும் தொப்பியைத் தொடாமல் உள்ளே போய்விட்டார்.

பூங்காப் பெரியவருக்கு வில்லியம்ஸ் பேச்சு சலிப்பு. அவருடைய ஆள் கில் ஹாட்ஜஸ். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் முதல் தளக்காரர். ஒகினாவாவில் போர் புரிந்த மரைன் வீரர். 1952 பருவத்தில் 32 ஹோம் ரன். அந்த அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரில் 21 வாய்ப்பு, ஒரு அடிகூட இல்லை. சுத்தமாகப் பூஜ்யம். ஏழாவது ஆட்டத்தில், அதுவும் சொந்த மைதானத்தில், டாட்ஜர்ஸ் தோற்றது.

பாஸ்டனாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புரூக்ளினில் ஹாட்ஜஸ் மட்டையோடு வந்தபோதெல்லாம் கைதட்டினார்கள். கடிதங்களும் ஜெபமாலைகளும் அதிர்ஷ்டத்துக்கான முயல் கால்களும் அவருக்கு வந்து குவிந்தன. "எங்கள் வீடு யூத வீடு. அம்மா அடுத்த வீட்டு இத்தாலியக்காரப் பாட்டியிடம் காசு கொடுத்து, எங்கள் சார்பிலும் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாமல்!" என்று சொல்லிச் சிரித்தார் பெரியவர்.

அடுத்த வசந்தத்திலும் ஹாட்ஜஸுக்கு மட்டை பேசவில்லை. 1953 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரூக்ளினில் ஹெர்பர்ட் ரெட்மண்ட் என்ற பாதிரியார், இந்தப் புழுக்கத்தில் பிரசங்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டாராம். அந்தச் சமயத்தில்தான் மேலாளர் டிரெஸ்ஸன் அவர் ஆடுவதைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டினார். பந்து வரும்போது இடது கால் விலகி ஓடுவது தெரிந்தது. ஜெபமோ, படமோ, அந்தப் பருவத்தை .302 சராசரியோடும் 31 ஹோம் ரன்னோடும் முடித்தார்.

புரூக்ளின்காரர்கள் எல்லாம் புண்ணியாத்மாக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே அணியின் டியூக் ஸ்னைடரைக் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். 1955-ல் அவர் பொறுக்க முடியாமல், இந்த ரசிகர்களுக்கு வெற்றி பெறவே தகுதியில்லை என்று நிருபர்களிடம் பொரிந்து தள்ளினார். ஹாட்ஜஸ் கதை வேறு. அவர் மனைவி புரூக்ளின் பெண். வீடும் அங்கேயே. நடுவரிடம் சண்டை போடாதவர். வில்லியம்ஸோ ஹோட்டலில் தங்கி, விடுமுறை கிடைத்தால் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறவர். கூட்டம் ஒருவரை மன்னிப்பதற்கு அவர் ஆட்டத்தைவிட அவர் பக்கத்துத் தெருக்காரர் என்பதே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

1977-ல் டிக் கிரேமர் என்பவர் கணக்குப் போட்டு, நெருக்கடியில் அடிப்பது என்ற தனித்திறமை ஒரு வருடம் இருந்தவரிடம் அடுத்த வருடமும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார். 25 வாய்ப்பையும் 21 வாய்ப்பையும் வைத்து ஒரு மனிதனை எடை போட முடியாது என்று அதற்கு அர்த்தம். யார் கேட்டார்கள்? 1981 உலகத் தொடரில் 22-க்கு 1 அடித்த டேவ் வின்ஃபீல்டை, யாங்கீஸ் முதலாளியே பின்னாளில் "மிஸ்டர் மே" என்று குத்திக்காட்டினார். மே மாதத்தில் மட்டும் அடிப்பவராம்! அதே வின்ஃபீல்ட் 1992-ல் டொராண்டோவுக்காகப் பட்டம் வெல்லும் அடியை அடித்தார்.

நான் மட்டும் யோக்கியனா? 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் நம்மவர்கள் 98-க்கு 1 என்று இருந்து 120-க்கு 8 ஆனபோது ஈடன் கார்டனில் பாட்டில் பறந்தது. இங்கே டிவி முன்னால் உட்கார்ந்து நான் பேசிய பேச்சை என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள். அதைப் பெரியவரிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் 1955 அக்டோபர் 4-க்குப் போய்விட்டார்.

மறுபடி யாங்கீஸ், மறுபடி ஏழாவது ஆட்டம். டாட்ஜர்ஸ் அதுவரை உலகத் தொடரை வென்றதே இல்லை. 2-0 என்று ஜெயித்தார்கள். அந்த இரண்டு ரன்களும் ஹாட்ஜஸ் மட்டையில் வந்தவை. கடைசிப் பந்து தரையில் உருண்டு ரீஸிடம் போனது. அவர் எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். அங்கே நின்று பிடித்தவரும் ஹாட்ஜஸ்தான்.

"அம்மா அன்றைக்கு அந்தப் பாட்டி வீட்டுக்கு ஓடினாள்" என்றார் பெரியவர். "மெழுகுவர்த்திக் காசைப் பாட்டி அப்போதும் வாங்கவில்லை. 1952-லும் வாங்கவில்லை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது."