ஒரே இரவில் அடித்த வெள்ளை

பெயிண்டிங் வேலைக்கு வந்திருக்கும் கொட்டேஷன்களை நோட்டீஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். ‘சி’ பிளாக் பின்புறக் காம்பவுண்டு சுவரும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் படம் வரைந்தார்களே, அதே சுவர்தான். அதைப் படித்ததும் நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. அவசரப்பட்டு வெள்ளையடித்ததற்கு 67.5 லட்சம் டாலர் தண்டம் விழுந்த வழக்கு அது.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், லாங் ஐலண்ட் சிட்டியில், 1892-இல் கட்டிய ஒரு தொழிற்சாலை இருந்தது. முதலில் அங்கே தண்ணீர் மீட்டர் தயாரித்தார்கள். 1970-களில் ஜெர்ரி வோல்காஃப் என்ற கட்டட அதிபர் அதை வாங்கினார். கிராஃபிட்டி என்றாலே ராத்திரியில் திருட்டுத்தனமாக வந்து கிறுக்கிவிட்டு ஓடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே அப்படி இல்லை. 1990-களிலிருந்து உரிமையாளரின் சம்மதத்தோடுதான் வெளிச்சுவரில் வரைந்தார்கள்.

2002-இல் அந்தப் பொறுப்பு ஜொனாதன் கோஹன் என்ற கலைஞரிடம் வந்தது. சுவர்களில் அவர் போடும் கையெழுத்து ‘மெரஸ் ஒன்’. நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளையும் குறிக்க அந்த இடத்துக்கு ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார். யாருக்கு எந்த இடம், எந்தப் படம் நிற்கும், எது சீக்கிரம் அழிந்து அடுத்தவருக்கு வழிவிடும் என்பதெல்லாம் அவர் கையில். ஆபாசம், மதம், அரசியல் கூடாது என்பது உரிமையாளர் போட்ட கட்டுப்பாடு. நம் அசோசியேஷன் விதிகளைவிடக் கறார் என்று சொல்லலாம்! உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்கள் வந்தார்கள். 7-ஆம் நம்பர் ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே அந்தச் சுவர்கள் அப்படியே தெரியும்.

நிலத்தின் விலை ஏறியதும், கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்ட உரிமையாளர் முடிவு செய்தார். 2013-இல் நகராட்சி அனுமதியும் கிடைத்தது. கலைஞர்கள் தடை கேட்டு நீதிமன்றம் போனார்கள். நவம்பர் 12-ஆம் தேதி நீதிபதி ஃபிரெடெரிக் பிளாக் தடை தர மறுத்தார். விரிவான உத்தரவு பிறகு வரும் என்றார். அந்த உத்தரவு வருவதற்குள், ஒரு வாரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக எல்லாச் சுவருக்கும் வெள்ளையடித்து விட்டார் உரிமையாளர். அதுவும் சரியாக மூடவில்லை. வெள்ளைக்கு அடியில் படங்கள் பேய் மாதிரித் தெரிந்தன.

அங்கே 1990-ஆம் வருடச் சட்டம் ஒன்று, மதிப்புப் பெற்ற ஓவியத்தை அழிப்பதைத் தடுக்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய படமானால் கலைஞருக்கு 90 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். ‘உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தால் பிரச்சினையே இல்லை. உரிமையாளர் இரண்டையும் செய்யவில்லை. பேங்கில் வாடகை கட்டாத லாக்கரை உடைப்பதற்குக்கூட எத்தனை ரிஜிஸ்டர் தபால் அனுப்புவோம்! கோடிக்கணக்கில் புரளும் மனிதருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பத் தோன்றவில்லை.

2018-இல் தீர்ப்பு வந்தது. 21 கலைஞர்கள், 45 படங்கள். ஒவ்வொன்றின் சந்தை விலையை நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையான ஒன்றரை லட்சம் டாலரைப் படத்துக்குப் படம் விதித்தார் நீதிபதி. பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். சுவர் அவருடையது, இடிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்பதை நீதிபதி மறுக்கவில்லை. அவரைக் கோபப்படுத்தியது அந்த அவசரம்தான். இடிக்கும் வேலையோ 2014-இல்தான் தொடங்கியது. அதுவரை பொறுத்திருந்தால் இவ்வளவு தண்டம் விழுந்திருக்காது. 2020-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இப்போது அங்கே இரண்டு கோபுரங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். கட்டடத்துக்கு வைத்த பெயர்? ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’!

நம் நாட்டிலும் இது உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். வாங்கிய சொத்து அரசினுடையதுதான். இருந்தும், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் விதித்தது.

நம் பிள்ளைகள் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. அந்தச் சுவரில் ஈரம் ஊறிக் காரை பெயர்கிறது. பூசத்தான் வேண்டும், நானும் அதற்குத்தான் கை தூக்குவேன். ஆனால் வரைந்தவர்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்வோம் என்று கமிட்டியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுவரின் கீழ் ஓரத்தில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. நான்கு குடும்பங்கள் வீடு மாறிப் போய்விட்டன. இரண்டு பேருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் செக்யூரிட்டியிடம் எழுதிக் கொடுங்கள். மயிலை வரைந்த பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாளாம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன், அதுவரை பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.