நான்–நீ உறவு

யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் (1878–1965) 1923இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘நானும் நீயும்’ என்னும் சிறு நூலின் மையக் கருத்து. எதிரில் இருப்பதை அளந்து, வகைப்படுத்தி, பயன்படுத்திக்கொண்டால் அது ‘நான்–அது’. முழுமனதோடு முகம் கொடுத்தால் ‘நான்–நீ’. இரண்டிலும் வரும் ‘நான்’ ஒன்றல்ல என்பதே நூலின் கூர்மையான இடம். நம் உலகில் எந்த ‘நீ’யும் மறுபடி ‘அது’வாகியே தீரும் என்பதையும் பூபர் மறைக்கவில்லை.

பதினோரு வயதில், தாத்தாவின் பண்ணையில், ஒரு குதிரையின் பிடரியை யாருக்கும் தெரியாமல் வருடிக்கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் வருடும்போதே, இது எவ்வளவு சுகம் என்று கவனம் தன் கையின்மேல் போயிற்று. மறுநாள் தாராளமாகத் தீனி வைத்துத் தடவியும் குதிரை தலை நிமிர்த்தவில்லை. குதிரைக்கு உண்மையில் தெரிந்ததோ இல்லையோ, கோட்பாடு முழுவதும் இந்த நிகழ்ச்சியில் அடங்கிவிடுகிறது.

‘நான்–நீ’ உறவின் இருபுறமும் சமம் என்னும் பூபரின் கருத்தை மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸ் ஏற்கவில்லை. பிறர்முன் நான் எப்போதும் கடன்பட்டவன் என்றார். பூபரும் எல்லா இடத்திலும் சமத்துவம் கோரியவரல்லர். 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழக உரையாடலில், உளசிகிச்சையிலும் இத்தகைய சந்திப்பு நிகழ்கிறது என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வாதிட்டபோது, உதவி தேடி வந்தவரும் உதவுபவரும் ஒரே நிலையில் இல்லை என்று மறுத்தார்.